நான்கு பத்தியமும் ஒரு ரத்தக்கொதிப்பும்

என் கணவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மூக்கு வரைக்கும் வந்து சேர அந்தக் கோபத்துக்குப் பொறுமை இருந்ததே இல்லை. காபியில் சர்க்கரை குறைந்தால் கோபம், கூடினால் கோபம், சரியாக இருந்துவிட்டால், "இன்னா, இன்னிக்கு மட்டும் சரியா கீது? இன்னா விசயம்?" என்று அதற்கும் கோபம். ஆள் கெட்டவர் இல்லை. கத்தி முடித்த மறு நிமிடமே "தோசை கீதா?" என்பார். அவருக்குக் கோபம் ஏப்பம் மாதிரி. வந்தது, போனது, அவ்வளவுதான்.

என் மாமனாரும் இப்படித்தான். செங்கல்பட்டில் தெருக்குழாயடியில் யாரோ குடத்தை முன்னால் நகர்த்திவிட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தவர், கத்திக்கொண்டே கீழே விழுந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை. நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் கணவர் அப்போது அதே ஐம்பதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அவருக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. காலையில் செங்கல்பட்டில் ஸ்டாஃப் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்குவார். அந்த பஸ்ஸில் இருக்கைகளுக்கு எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனாலும் எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளில், தன் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றுகொண்டு வந்தவரைத் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்குவார். அதுதான் பட்டாபிஷேகம். இடதுபக்க ஜன்னல் ஒன்று என் கணவருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அன்று மாலை தெருவுக்கே லட்டு கொடுத்தார். எங்கள் மகள் பிறந்தபோது ஆரஞ்சு மிட்டாய்தான் கொடுத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஜன்னலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். புதிதாகச் சேர்ந்த இஞ்சினியர், திருநெல்வேலிப் பக்கம். இந்த பஸ்ஸின் சட்டதிட்டம் அவனுக்கு எப்படித் தெரியும்? என் கணவர் பக்கத்தில் போய் நின்று முறைத்திருக்கிறார். அவன் மரியாதையாக, "உக்காரணுமா அண்ணாச்சி? பின்னாடி எடம் கெடக்குல்லா," என்று கை காட்டியிருக்கிறான். பின்னால் இருந்த இடம் அன்று விடுப்பில் இருந்த இன்னொருவருடையது. அதில் உட்காருவது அபசாரம். ஆகவே கல்பாக்கம் வரை நின்றுகொண்டே போயிருக்கிறார். வாய்விட்டுக் கத்தியிருந்தாலாவது தேவலை. எதிரில் இருப்பது இஞ்சினியராயிற்றே என்று விழுங்கிவிட்டார். இறங்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. அவருடைய கோபம் முதல்முறையாக மூக்கு வரை வந்தது அன்றுதான்.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவரை நண்பர்கள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நான் பதறிப்போய் ஓடினால், அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "அந்தப் பையன் என் சீட்டுல குந்திகினு கீறான்டி."

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வயதான டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். நக்கல் பிடித்த மனிதர். ஆனால் அன்று ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, கோபம் கூடவே கூடாது என்றார். இவரை முன்னால் அனுப்பிவிட்டு என்னை நிறுத்தினார். "இவங்க அப்பாவையும் நான்தாம்மா பார்த்தேன். இன்னொரு தடவ இப்படி ஏறிச்சுன்னா மூக்கோட நிக்காது. பார்த்துக்கோ." கத்தல் இல்லாத எங்கள் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் நான் தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஏன் தத்துவம் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: விண்ணப்பம் வாங்கப் போன அன்று வரலாற்றுக்கு வரிசை நீளமாக இருந்தது. மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் எனக்குப் பொழுது இருந்தது. சில சனிக்கிழமைகளில் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு வகுப்புக்குப் போவேன். அந்த வருடம் கிரேக்க, ரோமானியத் தத்துவம் ஒரு தாள். பாடம் நடத்தியவர் ஒருநாள் சொன்னார்: "இதெல்லாம் பரீட்சைக்காகச் சொன்னது இல்ல. அந்தக் காலத்துல ஒருத்தன் ஒரு தத்துவப் பள்ளில சேர்ந்தான்னா சாப்பாடு, தூக்கம், பேச்சு, கோபம் எல்லாத்தையும் மாத்திக்கணும். மருந்து சாப்புடற மாதிரி." மற்றவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்கு ரயில் சிங்கப்பெருமாள்கோவில் தாண்டுவதற்குள் திட்டம் முழுதாக உருவாகிவிட்டது. மருந்து என்றால் நம் ஊரில் பத்தியமும் உண்டு. என் பாடத்தில் நான்கு பள்ளிகள், வீட்டில் ஒரு நோயாளி. பள்ளிக்கு ஒரு மாதம் வைத்துப் பார்த்தால் எது பலிக்கிறது என்று தெரிந்துவிடும். பரீட்சையில், 'வாழ்முறை என்ற நோக்கில் இந்தப் பள்ளிகளை ஒப்பிடுக' என்று கேட்டாலும் என் பதில் சொந்தச் சரக்காக இருக்கும்.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாராளமா பண்ணு. மாத்திரைய மட்டும் நிறுத்திடாத. மாசாமாசம் கூட்டிட்டு வா, எந்த நாட்டுக்காரன் ஜெயிக்கிறான்னு நானும் பாக்கறேன். வெளில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். கணவரிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் பத்தியம் தொடங்கும் முன்பே கோபம் தொடங்கியிருக்கும்.

முதலில் ஸ்டோயிக்குகள். ஏதென்ஸ் கடைத்தெருவில் ஒரு தாழ்வாரத்தில் கூடிப் பேசியதால் அவர்களுக்கு அந்தப் பெயர். நான் அவர்களைத் தாழ்வாரத்துக்காரர்கள் என்றே மனதில் வைத்துக்கொண்டேன். சில விஷயங்கள் உன் கையில் இருக்கின்றன, பல விஷயங்கள் இல்லை, இல்லாததற்குக் கோபப்பட்டு என்ன பயன் என்பது அவர்கள் கட்சி. கிரேக்கர்கள் பேசிப் பேசி உருவாக்கியதை ரோமானியர்கள் தினசரி உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே அடிமையும் இதைப் படித்தான், சக்கரவர்த்தியும் படித்தான். நடுவில் ஒரு டெக்னீஷியன் படிக்கக் கூடாதா?

அவர்களிடம் ஒரு காலைப் பயிற்சி உண்டு. இன்று என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று எழுந்ததும் நினைத்துப் பார்த்துவிட வேண்டும். பிறகு எது நடந்தாலும் அதிர்ச்சி இருக்காது. மறுநாள் காபியோடு ஆரம்பித்தேன்.

"ஏங்க, இன்னிக்கு பஸ்ஸு லேட்டா வரும்."

"யாரு சொன்னா?"

"வரலாம்னு சொல்றேன். அந்தப் பையன் இன்னிக்கும் உங்களப் பாத்ததும் எழுந்து எடம் குடுப்பான்."

டம்ளரைக் கீழே வைத்தார். நண்பர்கள் எடுத்துச் சொன்னதிலிருந்து அந்தப் பையன், இவர் பஸ் ஏறியதும் எழுந்து நின்று, "உக்காருங்க அண்ணாச்சி," என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். தன்னைக் கிழவனாக்கிவிட்டான் என்று இவருக்கு அதில் இன்னும் எரிச்சல்.

"கேன்டீன்ல சாம்பாரு தண்ணியா இருக்கும். மேனேஜரு உங்களப் பாத்தும் பாக்காத மாதிரி போவாரு. சாயங்காலம் வூட்டுக்கு வந்தா கரண்டு இருக்காது."

ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் ஒரு சுற்றுச் சிவந்தது. நாள் முழுக்கச் சில்லறையாக வர வேண்டிய கோபம் காலையிலேயே மொத்தமாக வந்துவிட்டது. மாலையில் திரும்பி வந்தவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. "கரண்டு இருக்காதுன்னியே, கீதே!" என்று அதற்கும் ஒரு கத்தல்.

சரி, பயிற்சியை விட்டுவிட்டுக் கொள்கையைச் சொல்லிக்கொடுப்போம் என்று, எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அதை மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்றால், "அது நம்ம கைலயாடி கீது?" என்றார். கொசுவலையைத் தைத்துக் கொண்டுவரச் சொன்னால் அதுவும் கையில் இல்லை. என் தம்பியின் மாமனார் சாவுக்கு வரச் சொன்னபோது, "சாவு யாரு கைல கீது, சொல்லு," என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பிடிக்காத எதுவுமே அவர் கையில் இல்லை. அந்த பஸ் ஜன்னல் ஒன்றுதான் இருந்தது. மாதக் கடைசியில் டாக்டர் பார்த்தார். ரத்த அழுத்தக் கருவியின் முள் கொஞ்சமும் இறங்கவில்லை. எனக்கும் பார்க்கச் சொல்லியிருந்தால் ஏறியிருக்கும் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது தோட்டத்துக்காரர்கள். இவர்களைப் பற்றி உலகமே தப்பாகப் பேசியிருக்கிறது. இன்பம்தான் வாழ்க்கையின் நோக்கம் என்று சொன்னதால், தின்று குடித்துக் கூத்தடித்தவர்கள் என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் அவர்கள் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், ரொட்டியும் தண்ணீருமாக நண்பர்களோடு பேசிக்கொண்டு இருந்தவர்கள். கொஞ்சம் பாலாடைக்கட்டி கிடைத்தால் அன்று விருந்து. ஆசையைச் சுருக்கிக்கொள், நண்பர்களைப் பெருக்கிக்கொள், ஊர் அரசியலில் தலையிடாதே. என் கணவரின் உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான பத்தியம் இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போவோம், உங்கள் பஸ் நண்பர்கள் மூன்று பேரையும் வரச் சொல்லுங்கள் என்றேன். கடற்கரைக் கோயிலில் கூட்டம் நெரியும் என்பதால் அதைத் தாண்டித் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் இடம் பிடித்தோம். ஒரு தூக்குச்சட்டி நிறையக் கேழ்வரகுக் கூழ், மோர், வெங்காயம், கொத்தமல்லித் துவையல். கடல் காற்று. இதற்குமேல் ஏதென்ஸில் என்ன இருந்திருக்கப்போகிறது என்று நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

கூழ்தான் சாப்பாடு என்று அவர் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு அடுக்குப் பாத்திரத்தோடு வந்து இறங்கினார்கள். ஆட்டுக்கறி பிரியாணி, வஞ்சிரம் வறுவல், உப்புக் கருவாட்டுத் தொக்கு. "நீ துன்னு மச்சான். ஒடம்பு சரியில்லாத நேரத்துல வூட்ல கூழத்தான் ஊத்துறாங்களாமே," என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெண்டாட்டியை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று அவரிடம் ஒரு சத்தம் போட்டார். அடுத்து என் பக்கம் திரும்பி, நாலு பேர் இப்படிப் பேசும்படி ஏன் வைத்தாய் என்று எனக்கொரு சத்தம். பிறகு மூன்று பாத்திரத்தையும் காலி செய்தார். சாப்பிட்டு முடித்துக் கால் நீட்டியதும் தொழிற்சங்கத் தேர்தல் பேச்சு வந்தது. இரண்டு பேர் அந்தப் பக்கம், இவரும் இன்னொருவரும் இந்தப் பக்கம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நானும் தனியாக உட்கார்ந்து கூழைக் குடித்தேன். அந்தத் தோப்பில் இருந்த ஒரே தோட்டத்துக்காரி நான்தான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதேதான். நண்பர்கள் பெருகினார்கள், பாத்திரங்களும் பெருகின. அந்த மாதம் முள் முன்னைவிட ஏறியிருந்தது. "தோட்டத்துல உப்பு அதிகம்," என்றார் டாக்டர், என் பக்கம் குனிந்து.

மூன்றாவது பள்ளிக்கு நாய் என்றே பெயர். கிரேக்கர்கள் அவர்களை அப்படித் திட்டினார்கள். அவர்களும் வெட்கமில்லாமல் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். வெட்கம்தான் மனிதனைக் கெடுக்கிறது, ஊர் மெச்ச வேண்டும் என்ற நினைப்பை விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். இதைப் படித்தபோது எனக்குப் பொறி தட்டியது. என் கணவரின் கோபத்துக்கு வேர் மரியாதைதான். ஜன்னல், கிழவன் என்ற நினைப்பு, மேனேஜரின் பார்வை எல்லாமே அதில் அடக்கம். இந்தப் பள்ளியில் ஓர் ஆசான், கூச்சம் பிடித்த சீடனைப் பருப்புக் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நட்டநடுத் தெருவில் நடக்கச் சொன்னாராம். எங்கள் வீட்டில் பருப்புக் கஞ்சி கிடையாது. சாம்பார் உண்டு.

ஒரு சனிக்கிழமை பெரிய குண்டான் நிறையச் சாம்பார் வைத்து, மூடி தொலைந்துவிட்டது என்று சொல்லி, கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த என் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். ஸ்கூட்டரில் போனால் சிந்தும், நடந்தே போங்கள் என்றேன். மூடியை நான்தான் துணிக் கூடைக்குள் ஒளித்துவைத்திருந்தேன். முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். ஊர் சிரிக்கும், இவர் வாடுவார், நாலு தடவை போய் வந்தால் தோல் தடித்துவிடும் என்பது என் கணக்கு.

அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். குண்டான் காலி. முகமெல்லாம் சிரிப்பு. "உன் தங்கச்சிக்கு வேற வச்சுக் குடுத்துடு," என்றார். நடந்தது இதுதான். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், "இன்னா அண்ணாத்த, குண்டானோட கெளம்பிட்ட? இன்னா விசேசம்?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஒன்றுமில்லை, வெறும் சாம்பார் என்றிருக்கிறார். வாசனை நன்றாக இருக்கிறதே என்று எதிர்க்கடையில் நாஸ்தா தின்றுகொண்டிருந்த இன்னொருவர் இட்லித் தட்டை நீட்டியிருக்கிறார். அப்புறம் ஸ்டாண்டே தட்டை நீட்டியது. "இந்த மாதிரி சாம்பார இந்த ஊர்லயே துன்னதில்லன்னுட்டானுங்கடி," என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். மரியாதையைக் கரைக்க அனுப்பினால் மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டாண்டில் அவருக்கு 'சாம்பார் அண்ணாத்த' என்று பெயர். பெயர் அவருக்கு முன்னால் ஸ்டாஃப் பஸ் ஏறிவிட்டது. திருநெல்வேலிப் பையன்கூட அன்று சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுந்து நின்றானாம். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் முறைப்பார். அந்த மாதம் டாக்டரிடம் போகும் வழியெல்லாம் ஸ்டாண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். ரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தது சந்தேகக்காரர்கள். எந்த விஷயத்திலும் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நியாயமோ அந்தப் பக்கத்துக்கும் அவ்வளவு நியாயம் இருக்கிறது. ஆகவே முடிவு செய்யாதே, ஒத்திவை. ஒத்திவைத்தால் மனம் தானாக அடங்கும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. பரீட்சைக்கு உதவி செய்யுங்கள், நான் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் பேசுங்கள் என்றேன். எதிர்ப்பக்கம் பேசுவது அவருக்குப் பிறவியிலேயே வந்த கலை. ஒரே வாரத்தில் என்னை மிஞ்சிவிட்டார். எந்தப் பேச்சையும், "அப்டியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்," என்று முடிக்கக் கற்றுக்கொண்டார்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், கோபம் நின்றுவிட்டது. காபியில் சர்க்கரை போட மறந்தேன். "இனிப்பாவும் இருக்கலாம்," என்று குடித்துவிட்டுப் போனார். வாடகை வீட்டின் சொந்தக்காரர் மோட்டார் போடாமல் தண்ணீர் தீர்ந்தபோது, "தொட்டில தண்ணி இல்லன்னு எப்டி முடிவு பண்ணே?" என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். ஜன்னல் தன்னுடையதாகவும் இருக்கலாம், பையனுடையதாகவும் இருக்கலாம் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் யாரும் அன்று முழுக்கப் பேசவில்லையாம். தெருவில், உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பள்ளிகளிலும் சிறந்தது சந்தேகமே என்று என் பதிலை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் டாக்டரிடம் வெற்றியைக் காட்டக் கூட்டிப்போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பந்தை அழுத்தினார். முள் ஏறியது. காதில் குழலை மாட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினார். முகத்திலிருந்த நக்கல் மெல்லக் காணாமல்போயிற்று.

"மாத்திர தவறாம போடறீங்களா?"

"போடலாம். போடாமயும் இருக்கலாம்," என்றார் என் கணவர், சாந்தமாக.

"என்ன சொல்றீங்க?"

"மாத்திரயாலதான் கொறையுதுன்னு எப்டி சார் முடிவு பண்றது? அதாலயும் கொறையலாம், தானாவும் கொறையலாம். ரெண்டு பக்கமும் நாயம் கீது. அதான் ரெண்டு வாரமா ஒத்தி வச்சிகினு கீறேன்."

டாக்டர் குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது எந்தப் பள்ளிம்மா? நாயா? தாழ்வாரமா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது.

"இன்னா நாய்? இன்னா தாழ்வாரம்?" என்றார் என் கணவர். டாக்டருக்கு வேறு வழி இருக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க என் கணவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே போனது. கரண்ட் இருக்காது என்று நான் சொன்ன காலைகள், சவுக்குத் தோப்பு, குண்டான், தொலைந்துபோன மூடி. அதுவரை தெருவே அனுபவிக்காத ஒரு கத்தல் அவருக்குள் கிளம்பி மேலே வருவதை நான் பார்த்தேன். பட்டை இன்னும் கையில் சுற்றியபடியே இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் நான் கத்திவிட்டேன்.

"மாத்திரய நிறுத்திட்டீங்களா? இன்னா நெனச்சுகினு கீறீங்க? உங்கப்பா எப்டிப் போனாருன்னு ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? கோபம் கொறஞ்சிடுச்சு, பொழச்சிட்டாருன்னு நான் சந்தோசப்பட்டுகினு கீறேன், நீங்க மாத்திரய ஒத்தி வச்சீங்களா? நாளைக்கு நீங்க வுழுந்துட்டா நான் எந்தப் பள்ளிக்கூடத்துல போயி நிக்கறது? ராத்திரி நீங்க மூச்சு வுடறீங்களான்னு கைய வச்சுப் பாத்துகினு கெடக்கறேன்! எனக்கு பயமா கீது, தெரியுமா உங்களுக்கு?" டாக்டரையும் விடவில்லை. எதையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று சொன்ன மனிதர் இப்படியா போட்டு உடைப்பீர் என்று அவருக்கும் சரியாகக் கொடுத்தேன். மேஜையில் தட்டியதில் பேனா உருண்டு விழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் திறந்த வாயை மூடவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஓர் இடத்தில் அவர் கத்தாமல் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பட்டையை அவர் கையிலிருந்து கழற்றி என் கையில் சுற்றினார். எனக்கு எதற்கு என்றேன். உட்கார் என்றார். பார்த்தார். கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, கூப்பிட்டு மறுபடி பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்தாலும் என் கணவருடையதைவிட மேலேதான் நின்றது.

"சார், வீட்டுக்காரம்மாவுக்கு உங்களவிட ஜாஸ்தி," என்றார். "எத்தன நாளா இப்படி ஓடுதோ. யாரும் பார்த்ததில்லையாம்மா?"

யாரும் பார்த்ததில்லை. நான்கு மாதம் ஒரே முள்ளை முறைத்துக்கொண்டிருந்தவள், என் கையையும் ஒரு தடவை நீட்டியிருக்கலாம். வேடிக்கையாக நினைத்ததோடு சரி. டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வழியில் மருந்துக்கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வீட்டுக்குத் திரும்பாமல் கொளவாய் ஏரிப் பக்கம் விட்டார். கரையில் நிறுத்திவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"செத்துப்போறதப் பத்தி இன்னா சொல்றாங்க உங்க ஆளுங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். தாழ்வாரத்துக்காரர்களுக்கு அதுவும் கையில் இல்லாத விஷயம், இலை உதிர்கிற மாதிரி. நாம் இருக்கும்வரை சாவு வரவில்லை, அது வரும்போது நாம் இல்லை, பிறகு யாருக்குப் பயம் என்பார்கள் தோட்டத்துக்காரர்கள். நாய்க்காரர்கள் தங்கள் பிணத்தை ஊர் மதிலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சந்தேகக்காரர்களைப் பற்றி அவருக்கே தெரியும்.

"ஒருத்தனுக்கும் பயம் இல்லியா?"

"இல்லன்னுதான் சொல்லிகினு இருந்தாங்க."

காலடியில் கிடந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து ஏரியில் எறிந்தார். "இவங்களுக்கெல்லாம் பொண்டாட்டி இருந்தாங்களா?"

எந்த வினாத்தாளிலும் வராத கேள்வி. யோசித்துப் பார்த்தால், கிரேக்கத்தில் இந்தப் பள்ளிகளை ஆரம்பித்த பெரிய தலைகள் பெரும்பாலும் கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். "ஆரம்பிச்சவங்களுக்கு அநேகமா இல்லீங்க," என்றேன்.

"அதான்," என்றார். "அதான் தகிரியமா பேசிக்கிறானுங்க."

"ரோமாபுரில ஒருத்தருக்கு இருந்துச்சு. தாழ்வாரத்துக்காரருதான், வயசானவரு. அவருக்கும் சாவுன்னா பயம் கெடையாது. ஆனா அவரு சம்சாரத்துக்கு பயம். இவரு ஒடம்புக்கு ஒண்ணு வந்தா அந்தம்மா தாங்காதுன்னு, அவங்களுக்காகத் தன் ஒடம்பப் பாத்துகினாராம்." பாடத்தில் ஓரமாக வந்த விஷயம். பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப் போயிருந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "போட்டுக்கோ. நீ இல்லன்னா எனக்கு ஆவாது," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கி வர எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனார்.

நானும் நாக்கில் போட்டுக்கொண்டேன். ஒரே கசப்பு. தண்ணீரைக் காணோம். டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று அவர் டீக்கடைக்காரரிடம் கத்துவது கரை வரைக்கும் கேட்டது. அப்படிக் கத்துவதைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கசப்பை விழுங்காமல் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.